காணொளி எண் பதினான்கு

ஆஸ்பத்திரியின் தரைத்தளத்தில் பதினோரு வருடமாகக் காபி போட்டுக்கொண்டிருந்தவளுக்குக் காபி போடத் தெரியாது என்று ஒரு செவ்வாய்க்கிழமை காலை கடிதம் வந்தது. நல்ல கெட்டித் தாள். மேலே முத்திரை, கீழே பச்சை மையில் கையெழுத்து. தொழில்திறன் சான்றிதழ் இல்லாத எவரும் இனிமேல் காபி இயந்திரத்தைத் தொடக்கூடாது என்றும், மூன்று மாதத்துக்குள் சான்றிதழைக் காட்டாவிட்டால் அந்தக் கடை தகுதியுள்ள வேறொருவருக்குப் போய்விடும் என்றும் அதில் எழுதியிருந்தது. அவள் அதை நின்றபடியே ஒரு கையால் பிடித்துப் படித்தாள். மறு கை பால் குவளையைப் பிடித்திருந்தது. கடிதம் முடிவதற்கும் பால் நுரைத்து நிற்பதற்கும் சரியாக இருந்தது.

டாக்டர்களும் நர்சுகளும், வார்டில் படுத்திருப்பவர்களுக்காகக் கண் விழித்துக் கிடக்கும் உறவுக்காரர்களும் அவளைக் காபியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பேர் கேட்ட ஆளில்லை.

பஸ் டிரைவரான அவள் புருஷன் கடிதத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "போய் உக்காந்துட்டு வா. தெரிஞ்சதையே திருப்பிச் சொல்லித் தருவாங்க. தலையாட்டிட்டு வரதுக்கு என்ன?" என்றான்.

சூடான பானங்கள் தொழில்திறன் மேம்பாட்டு நிலையம் மூன்றாவது மாடியில் இருந்தது. படியேறும்போதே அவள் மூக்கு வேலை செய்ய ஆரம்பித்தது. புது பெயின்ட் வாசம், புதுக் கம்பள வாசம், யாரோ பூசியிருந்த தைலத்தின் வாசம் எல்லாம் வந்தன. காபி வாசம் மட்டும் வரவில்லை. உள்ளே முப்பது நாற்காலி, ஒரு பெரிய திரை. மூலையில் கண்ணாடிப் பெட்டிக்குள் பளபளவென்று ஒரு காபி இயந்திரம். திறப்பு விழாவில் கட்டிய ரிப்பன் இன்னும் அதன் இடுப்பில் இருந்தது.

"அத எப்ப சார் திறப்பீங்க?" என்று கேட்டாள்.

பயிற்றுநர் கையில் எப்போதும் ரிமோட் இருந்ததால் அவருக்கு ரிமோட் சார் என்று பேர். ஐம்பது வயது, இரட்டைப் பார்வைக் கண்ணாடி, சாந்தமான மனிதர். அவர் பொறுமையாக விளக்கினார். இயந்திரத்துக்குத் தண்ணீர் இணைப்பு வேண்டும். தண்ணீர் வேறு இலாகா. பால் உணவு இலாகாவில் வருகிறது. நிலையமோ கல்வி இலாகாவில் வருகிறது. காபித்தூளை வாங்கலாம், தடையில்லை. ஆனால் வாங்கினால் தீர்ந்துபோகும், தீர்ந்துபோகும் பொருளைப் பதிவேட்டில் எங்கே ஏற்றுவது என்பது இன்னும் முடிவாகவில்லை.

"அதனால வீடியோம்மா. மொத்தம் முப்பத்தாறு. நூத்தியிருபது மணி நேரம் பாத்தா சான்றிதழ். இடையில தேர்வு இருக்கும்."

முதல் நாள் இயக்குநரே வந்து பேசினார்.

"காபி போடத் தெரிஞ்சவங்க ஊர்ல ஆயிரம் பேர் இருக்காங்க. ஆனா காபி போடறத முறையாப் பாக்கத் தெரிஞ்சவங்க எத்தனை பேர்? கையை நம்பிப் படிச்ச காலமெல்லாம் போச்சு. கை தப்பு பண்ணும். கண் தப்பு பண்ணாது. பால் திரிஞ்சு போகும், வீடியோ திரிஞ்சு போகுமா? நாலு வருஷமா நடத்தறோம். இந்த நிலையத்துல இதுவரைக்கும் ஒரு சொட்டுக் காபி வீணானதில்ல."

எல்லோரும் கைதட்டினார்கள். அவளும் தட்டினாள்.

பக்கத்து நாற்காலியில் ஒரு தையல்காரர். ஐம்பத்து நாலு வயது. ஆயத்த ஆடைக் கடைகள் வந்து அவர் கடையை மூடவைத்துவிட்டன. வீட்டில் சில்லறை வேலை மட்டும் செய்துகொண்டிருந்தார். இனி புதிதாக ஒரு தொழிலைக் கற்றுக்கொண்டால்தான் உண்டு என்று வந்தவர். காபி குடிக்க மட்டுமே தெரியும். ஆனால் அவரைப்போல் பாடம் கவனிக்கிற ஆளை அவள் பார்த்ததில்லை. ஒவ்வொரு காணொளிக்கும் நோட்டில் ஒரு பக்கம். பழக்க தோஷத்தில் கழுத்தில் அளவு டேப் தொங்கும். திரைக்கு அருகே போய்க் குவளையின் சாய்வை அளந்து எழுதிக்கொள்வார். இரண்டாம் நாளே அவளைத் தங்கச்சி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

"நீங்க பக்கத்துல இருக்கறது எனக்கு தைரியமா இருக்கு தங்கச்சி. நான் தப்பு பண்ணா சொல்லிருங்க."

"எனக்கே புரியலண்ணா," என்றாள் அவள். அது நிஜம்தான்.

மதியம் இரண்டு மணிக்குக் காணொளி, நான்கு மணிக்குக் கைவழி ஒத்திகை. கோப்பைகள் இருப்புப் பதிவேட்டில் ஏறியிருந்ததால் வெளியே எடுக்க முடியாது. முப்பது பேரும் வெறுங்கையில் இல்லாத குவளையைப் பிடித்து, இல்லாத பாலை இல்லாத கோப்பையில் ஊற்றுவார்கள். ரிமோட் சார் வரிசையாகப் பார்த்துக்கொண்டே வருவார்.

"அம்மா, உங்க பால் சிந்துது பாருங்க."

கடைசி வரிசைக்காரி பதறிக் குனிந்து தரையைப் பார்த்தாள். அவளுக்கு இரண்டு மதிப்பெண் போயிற்று. இன்னொரு நாள் ஒருவர் கோப்பை நிறைவதற்கு முன்பே கையை நிமிர்த்திவிட்டார் என்று மறுபடி ஊற்றவைத்தார்கள். கழுவாத கோப்பையில் எப்படி ஊற்றுவது என்று அவர் கேட்டதும், சரியான கேள்வி என்று அனைவரும் முதலில் கழுவினார்கள்.

காபியக்காவுக்கு எதுவும் ஓடவில்லை. அவள் கைக்குக் கனம் வேண்டும், சூடு வேண்டும், நுரை ஏறும்போது வருகிற அந்தச் சீறல் சத்தம் வேண்டும். காற்றைப் பிடித்தால் கை தடுமாறியது. சுவை அறிதல் தேர்வு வந்தது. திரையில் ஒருவர் காபியை உறிஞ்சி, கண்ணை மூடி, தலையை ஆட்டினார். 'மேற்படி காபியின் சுவை என்ன? ஐந்து வரிகளில் எழுதுக' என்று கேள்வி. தையல்காரர் ஐந்து வரி எழுதினார். புருவம் இரண்டு முறை ஏறியதையும் குறிப்பிட்டிருந்தார். நாற்பதுக்கு முப்பத்தொன்று. அவள் 'குடிச்சுப் பார்த்தால்தான் தெரியும்' என்று ஒரே வரி எழுதினாள். பூஜ்யம்.

அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுபோக வெட்கப்பட்டுக் கைப்பையின் அடியில் மடித்து வைத்தாள். கடை போய்விடுமோ என்ற பயம் அன்றைக்குத்தான் முதன்முதலாக வந்தது.

பதினான்காவது காணொளி ஆவிக் குழாய் பற்றியது. பாலுக்குள் குழாயை விட்டு, பக்கத்துத் திருகைத் திறந்தால் ஆவி சீறிப் பாலை நுரைக்கவைக்கும். போதுமான சூடு வந்ததும் திருகை மூடிவிட வேண்டும். இதில் பிசகினால் கை வெந்துவிடும். திரையில் வந்தவர் மூடுவதற்குத் திருகை இடப்பக்கம் திருகினார்.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இரண்டாவது முறை ஓடவிட்டபோதும் இடப்பக்கம்தான். பதினோரு வருடத்தில் அவள் கைக்கு வந்த எந்தத் திருகும் இடப்பக்கம் மூடியதில்லை, வலப்பக்கம்தான் மூடும். இடப்பக்கம் திருகினால் இன்னும் திறக்கும்.

வகுப்பு முடிந்ததும் ரிமோட் சாரிடம் போனாள்.

"சார், திருகு தப்பாத் திரும்புது."

"தெரியும்மா," என்றார் அவர் சாதாரணமாக. "நம்ம டைரக்டர் சார் போட்டோ திரையோட இடது மூலையில வருதுல்ல? காபி போடறவர் அதுக்கு முதுகக் காட்டிட்டு நின்னுட்டிருந்தார். மரியாதையா இல்ல. அதான் படத்த இடம் வலமா மாத்திப் போட்டோம். இப்ப சாரைப் பாத்து நிக்கறார்."

"அப்ப திருகும் சேந்து மாறிப் போச்சே சார்."

"திருகை மட்டும் தனியா மாத்த முடியாதேம்மா."

விஷயம் மேலே போனது. மறுநாள் இயக்குநர் அறையில் அவளுக்கு நாற்காலி போட்டார்கள்.

"பதினோரு வருஷ அனுபவம்னு கேள்விப்பட்டேன். சந்தோஷம்," என்றார் இயக்குநர். "உங்க மெஷின் தப்பா இருக்கலாம்னு யோசிச்சீங்களா?"

"எல்லா மெஷினும் அப்படித்தான் சார்."

"மெஷின் தப்புன்னா மாத்திக்கலாம்மா. ஆனா முப்பத்தாறு வீடியோல ஒண்ணு தப்புன்னு வெச்சுக்குங்க, மீதி முப்பத்தஞ்சையும் எவன் நம்புவான்? அதுவும் தப்புன்னு ஆச்சுன்னா இந்த நிலையம் எதுக்கு? நிலையம் எதுக்குன்னு ஒருத்தன் கேட்டுட்டா, அப்பறம் நான் எதுக்குன்னு கேக்க மாட்டானா? என் பொண்ணு வெளியூர்ல படிக்குது. நீங்களும் ஒரு அம்மாதானே?"

அவளுக்குக் குழந்தைகள் இல்லை. ஆனாலும் தலையாட்டினாள். அவர் ஒரு தாளை நகர்த்தினார். 'காணொளி எண் 14ஐ அனுபவமுள்ள பயிலுநர் என்ற முறையில் பார்வையிட்டேன். திருத்தம் எதுவும் தேவையில்லை.' அதன் பக்கத்திலேயே அவளுடைய சுவை அறிதல் விடைத்தாள் இருந்தது. பூஜ்யத்துக்கு முன்னால் ஒரு எண் போடுவதற்கு இடம் விட்டிருந்தது.

அவள் கையெழுத்துப் போட்டாள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. படியிறங்கும்போது காது மடல் சுட்டது.

கையெழுத்துப் போட்டவளை முன்மாதிரிப் பயிலுநர் ஆக்கிவிட்டார்கள். ஒத்திகையில் இனி அவள் முன்னால் நின்று செய்துகாட்ட வேண்டும், மற்றவர்கள் பார்த்துச் செய்ய வேண்டும். அந்த வாரக் கடைசியில் தையல்காரர் தன் காற்றுக் குவளையை ஓரமாக வைத்துவிட்டு அவளிடம் வந்தார்.

"தங்கச்சி, ஒரு சந்தேகம். வீட்டுக் குழாயெல்லாம் வலப்பக்கம்தான் மூடுது. இது மட்டும் ஏன் இடப்பக்கம்? என் கைக்கு ஒத்துக்கவே மாட்டேங்குது."

ரிமோட் சார் இரண்டடி தள்ளி நின்றிருந்தார். அவர் இந்தப் பக்கம் பார்க்கக்கூட இல்லை. பார்த்திருந்தால் அவள் பிற்பாடு தனக்குச் சொல்லிக்கொள்ள ஒரு சாக்காவது இருந்திருக்கும்.

"வீடியோல எப்படி இருக்கோ அப்படித்தாண்ணா," என்றாள்.

சொன்னதோடு விடவில்லை. அவர் வலது கையைப் பிடித்தாள். ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரல்கள். அந்தக் கையைத் தன் கைக்குள் வைத்து இடப்பக்கம் திருகிக் காட்டினாள். ஒரு முறை, இரண்டு முறை, கை பழகும்வரைக்கும்.

"இப்ப புரிஞ்சிருச்சு," என்று சிரித்தார் அவர்.

கடைசி நாளன்று தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று நினைத்திருந்தாள். கடைசி நாள் சான்றிதழ் விழா. தையல்காரர் தானே தைத்த புதுச் சட்டையில் வந்திருந்தார். மேடையில் இயக்குநர் அவர் தோளில் கைபோட்டு, 'நூற்றியிருபது மணிக்கு நூற்றியிருபத்தாறு மணி பார்த்தவர்' என்று அறிமுகப்படுத்தினார். போட்டோ எடுத்தார்கள். ஓர் அலுவலகக் கட்டடத்தில் அவருக்கு வேலையும் உறுதியாகியிருந்தது. அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? போன் பண்ணிச் சொல்லலாம் என்று வந்துவிட்டாள். மறுநாள் கடையில் கூட்டம். அதற்கு மறுநாளும் கூட்டம்தான். உண்மையில் அவ்வளவு கூட்டம் இல்லை.

சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வாடிக்கையாளர் கண்ணில் படும்படி மாட்ட வேண்டும் என்பது விதி. அவள் தலைக்கு மேல் மாட்டியிருந்தாள்.

விழா முடிந்து பதினெட்டாம் நாள் காலை, வெளிநோயாளிகள் வரிசையிலிருந்து யாரோ "தங்கச்சி" என்றார்கள். தையல்காரர். வலது கை முழங்கைவரை வெள்ளைக் கட்டு.

"என்னண்ணா?"

"ஒண்ணும் இல்ல, நம்ம தப்புதான். முத நாள். பால் பொங்கி வந்துச்சு. மூடலாம்னு திருகினேன், இன்னும் வேகமா வந்துச்சு. இன்னும் திருகினேன். பயத்துல எந்தப் பக்கம்னு தெரியல. பால் மொத்தமும் கை மேல." அவர் குரல் தணிந்தது. "பதினாலாவது வீடியோவ நான் சரியாப் பாக்கல போல. கட்டுப் போட்டுப் படுத்திருந்தப்ப பொண்ணு போன்ல போட்டுக் குடுத்துச்சு, மறுபடி மறுபடி பாத்தேன். அதுல சரியாத்தான் இருக்கு. உங்களுக்குத்தான் கெட்ட பேரு. கையப் புடிச்சு சொல்லிக் குடுத்தீங்க."

"காபி சாப்பிடறீங்களா?" என்று கேட்டாள்.

அவர் கடைக்கு முன்னால் நின்றார். அவள் பாலை எடுத்து, குழாயை உள்ளே விட்டு, ஆவியைத் திறந்தாள். சீறல் ஏறி இறங்கியது. கை தன் பழக்கத்தில் திருகை வலப்பக்கம் மூடியது. ஆவி நின்றது.

நிமிர்ந்தபோது தையல்காரர் திருகையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருடம் கைகளின் வேலையைப் பார்த்தே பிழைத்தவர். பிறகு தன் கட்டைப் பார்த்தார். கோப்பையை இடது கையில் வாங்கி, முழுக்கக் குடித்து, மெதுவாகத் திருப்பி வைத்தார்.

"நல்லா இருக்கு," என்றார். தங்கச்சி என்று சொல்லவில்லை.

மருந்து வாங்கிக்கொண்டு அவர் மகள் ஓடிவந்தாள். இருபத்து நாலு வயது, பள்ளிக்கூடத்தில் எழுத்தர் வேலை. "அத்தை நீங்கதானா? அப்பா வாயத் தொறந்தா உங்க பேச்சுதான். பக்கத்துல உக்காந்து எவ்வளவு பொறுமையாச் சொல்லிக் குடுத்தீங்களாம். ரொம்ப நன்றி அத்தை," என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். காபியக்கா அந்தக் கையை உதறவும் முடியாமல் பிடிக்கவும் முடியாமல் நின்றாள்.

அன்று மதியம் கடையை மூடிவிட்டு மூன்றாவது மாடி ஏறினாள். இயக்குநருக்கு விபத்து ஏற்கெனவே தெரிந்திருந்தது. விசாரணையும் முடிந்திருந்தது.

"அந்த வீடியோவ அவர் மொத்தம் எத்தனை தடவ பாத்திருக்கார்?" என்று ரிமோட் சாரைக் கேட்டார்.

"வகுப்புல பதினோரு தடவ சார்."

"பாத்தீங்களா, போதல. இனிமே இருபது தடவன்னு விதி கொண்டு வரோம்."

"சார், தப்பு என்னுது. தெரிஞ்சேதான் சொல்லிக் குடுத்தேன். வீடியோவும் தப்பு. அத நான் எழுதித் தரேன்," என்றாள்.

எழுத்தில் வாங்குவதை நிலையம் நிறுத்தி இரண்டு வருடம் ஆகியிருந்தது. எல்லா மனுவும் காணொளியாகத்தான். அவளைத் திரைக்கு முன்னால் உட்காரவைத்து விளக்கைப் போட்டார்கள். அவள் பேசினாள். பாதியில் அழுகை வந்தது, துடைத்துக்கொண்டு பேசினாள். பேசி முடித்தபோது நெஞ்சு கொஞ்சம் லேசானது போலிருந்தது.

"ஒன்பது நிமிஷம் ஆகிருச்சும்மா," என்றார் ரிமோட் சார். "நமக்கு இடம் தொண்ணூறு வினாடிதான். பரவாயில்ல, நான் சுருக்கிக்கறேன்."

அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக் காத்திருப்புக் கூடத்தின் டிவியில் அவள் முகம் வந்தது. பின்னால் மெல்லிய புல்லாங்குழல். 'பதினோரு வருஷமாக் காபி போடறேன். அவர் கையப் புடிச்சு நான்தான் சொல்லிக் குடுத்தேன். வீடியோல எப்படி இருக்கோ அப்படியே.' கண்ணைத் துடைத்துக்கொண்டாள். 'எல்லாத்துக்கும் காரணம் இந்த நிலையம்தான்.' கீழே 'ஆனந்தக் கண்ணீர்' என்று எழுத்து ஓடியது. பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அது திரும்பத் திரும்ப வந்தது. கண் டாக்டர் இறங்கிவந்து கைகொடுத்தார். எலும்பு வார்டு நர்சுகள் அவளோடு நின்று படமெடுத்துக்கொண்டார்கள். அவள் ஒவ்வொருவரிடமும் "அது அப்படி இல்ல" என்றாள். "தன்னடக்கம்," என்றார்கள்.

வியாழக்கிழமை அப்பாவைக் கட்டு மாற்றக் கூட்டிவந்த மகள் மட்டும் சிரிக்கவில்லை.

"அத்தை, டிவில பாத்தோம். அப்பா எந்திரிச்சு வெளிய போயிட்டார். கேட்டா ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறார். என்ன அத்தை?"

"ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வரேன்மா," என்றாள் அவள்.

இரண்டே அறை கொண்ட வீடு. தையல் மிஷின் மேல் போர்வை. ஜன்னலோரம் நாற்காலியில் தையல்காரர். அவர் மடியில் கை ஒரு பொட்டலம்போல் கிடந்தது. மகள் தண்ணீர் கொண்டுவந்தாள். காபியக்கா அதை வாங்கவில்லை. வாங்கிக் குடித்துவிட்டால் சொல்ல முடியாது என்று பட்டது.

நின்றபடியே சொன்னாள். திருகு எந்தப் பக்கம் மூடும் என்பது அவளுக்குத் தெரியும் என்று. கையெழுத்துப் போட்டாள் என்று. அவர் கேட்டார், தெரிந்தே மாற்றிச் சொன்னாள் என்று. அவர் கையைப் பிடித்துப் பழக்கிவிட்டதும் அவள்தான் என்று. கடை போய்விடும் என்ற பயத்தைப் பற்றிச் சொல்ல வாயெடுத்து, அது தன்னைக் காப்பாற்றிக்கொள்வதற்கான பேச்சாகத் தோன்றி, நிறுத்திக்கொண்டாள். இங்கே யாரும் சுருக்கவில்லை. சொல்லி முடிக்க மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.

மகள் அப்பாவைப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியுமா?"

"அன்னிக்குக் காபி குடிக்கும்போது தெரிஞ்சுது," என்றார் அவர்.

மகள் தண்ணீர் தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். உள்ளறை வாசலில் திரும்பி, "ஒரு வார்த்தை சொல்லிருக்கலாமே. விழா அன்னிக்குக்கூட நான் வெளிய நின்னுட்டிருந்தேன். என்கிட்டயாவது சொல்லிருக்கலாமே நீங்க," என்றாள். அத்தை என்ற சொல் அதில் இல்லை.

போகச் சொன்னால் போகலாம். யாரும் போகச் சொல்லவில்லை. மூலையில் பள்ளிச் சீருடைச் சட்டைகள் அடுக்காக இருந்தன. மகளின் பள்ளிக்கூடத்து வேலை. எல்லாம் தைத்து முடிந்திருந்தது, பித்தான் மட்டும் பாக்கி. தையல்காரர் அதைப் பார்த்தார்.

"பித்தான் தைக்கத் தெரியுமா?"

"வீட்ல தைப்பேண்ணா."

"அது தைக்கறது இல்ல, ஒப்பேத்தறது. ஊசி அந்த டப்பால இருக்கு."

தரையில் உட்கார்ந்து ஒரு சட்டையை எடுத்தாள். ஊசியில் நூல் கோக்கவே நேரமாயிற்று. முதல் பித்தானைத் தைத்து நீட்டினாள். அவர் இடது கையால் வாங்கி ஒரு இழு இழுத்தார். பித்தான் ஆடியது.

"பிரிச்சிருங்க."

பிரித்துத் தைத்தாள். மறுபடி இழுத்துப் பார்த்தார். "துணி சுருங்குது. இவ்வளவு இறுக்கக் கூடாது. பித்தானுக்கும் துணிக்கும் நடுவுல கொஞ்சம் இடம் விட்டு, நூலைக் காம்பு மாதிரிச் சுத்துங்க. பிரிங்க."

அவர் குரலில் கோபம் இல்லை. வேலை சரியாக வரவேண்டும் என்பதைத் தவிர அதில் எதுவுமே இல்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டு பிரித்தாள். நூல் பல்லில் பட்டுப் பிசிறியது. நான்காவது தடவை அவர் இழுத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார்.

அந்தச் சட்டையில் இன்னும் ஐந்து பித்தான் இருந்தது. அவள் அடுத்ததை எடுத்து வைத்தாள்.